காயத்திலிருந்து மூளையைப் படித்தவர்: டாக்டர் பி. ராமமூர்த்தி

தலையில் ஷெல் துண்டு பட்டு உயிர் தப்பியவர் வீடு திரும்பும்போது சிலவேளை வேறு ஆளாக இருப்பார். பேச்சு தடுமாறும், பெயர்கள் மறக்கும், காரணமின்றிக் கோபம் வரும். யுத்தம் கண்ட எங்கள் கரையோரத்துக்கு இது புதிதல்ல.

இத்தகைய தலைக்காயங்களோடு வாழ்நாளைக் கழித்த வைத்தியர் பி. ராமமூர்த்தி. 1922இல் சீர்காழியில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1949இல் இங்கிலாந்தின் நியூகாசிலில், தலைக்காய நிபுணர் ரௌபாதமிடம் மூளைச் சத்திரசிகிச்சை பயின்றார். பின்னர் கனடாவின் மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் சில மாதங்கள் இருந்தார். மூளைக்கு வலி தெரியாது. அதனால் வலிப்பு நோயாளி விழித்திருக்கும்போதே பென்ஃபீல்ட் மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரம் செலுத்துவார். கை அசைந்தால் அது கைக்குரிய இடம், பேச்சு நின்றால் அது பேச்சுக்குரிய இடம். இப்படித்தான் மூளையின் வரைபடம் உருவானது.

1950 ஒக்டோபரில் சென்னை அரச பொது வைத்தியசாலையில் ராமமூர்த்தி மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அப்போது சிடி ஸ்கேன் இல்லை. இடது கை சோர்ந்தால் பாதிப்பு மூளையின் வலப்பக்கத்தில் என்று ஊகிக்க வேண்டும். கண்ணின் மணி விரிந்தால் உள்ளே அழுத்தம் கூடுகிறது என்று அஞ்ச வேண்டும். நோயாளியின் உடலே வைத்தியருக்குப் பாடநூல். மறு ஆண்டு, வேலூரின் ஜேக்கப் சாண்டி உள்ளிட்டோருடன் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார். 2003 டிசம்பரில் காலமானார்.

அந்தத் தலைமுறை வைத்தியர்கள் கற்றது எங்கள் வீடுகளுக்கும் உரியது. காயத்துக்குப் பின் வரும் மறதியும் கோபமும் பெரும்பாலும் குணக்கேடல்ல, பேய்க்கோளாறுமல்ல. அது மூளையின் காயம். அவரை மறைத்து வைக்காமல், ஆண்டுகள் கடந்திருந்தாலும், வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.