அண்ணல் அம்பேத்கர் பார்த்த பத்தாண்டுக் கணக்கு

பசுவந்தனை வட்டாரத்துக் கரிசல் நிலத்தில் வெள்ளாமை வீடு வந்து சேர்ந்ததும் கணக்குப் பார்ப்பது வழக்கம். புரட்டாசியில் போட்ட விதை எவ்வளவு, உழவுக் கூலி எவ்வளவு, உரக்கடைப் பாக்கி எவ்வளவு, கடனுக்கு ஏறிய வட்டி எவ்வளவு, கண்டுமுதல் எவ்வளவு என்று திண்ணையில் அமர்ந்து கூட்டிக் கழிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் பெரியவர்களும் விரல்விட்டு எண்ணியே இதைச் செய்து வந்தனர். ஆனால் அதே வீட்டில் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளையின் படிப்பைக் குறித்து எவரும் இவ்வாறு கணக்குப் பார்ப்பதில்லை. நின்றது நின்றதுதான்.

தலைமையாசிரியர் என்ற முறையில் நாம் கையெழுத்திட்டுக் கொடுத்த மாற்றுச் சான்றிதழ்கள் பல. அக்காள் கல்யாணக் கடன் தீரும் வரையில் ஓராண்டு மட்டும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிச் சென்ற மாணவர்களை நாம் அறிவோம். அவர்களுள் திரும்பி வந்தவர் மிகச் சிலரே. சோம்பலால் வராதிருந்தவர் என்று எவரையும் சொல்ல மாட்டோம். கடன் எவ்வளவு தீர்ந்தது, இன்னும் எவ்வளவு இருக்கிறது, திரும்பிச் செல்லும் நாள் எது என்று ஆறு மாதத்திற்கு ஒருமுறை உட்கார்ந்து பார்க்க அவர்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராதவர்களுள் நாமும் ஒருவர்.

ஆகையால் இவ்வெள்ளி விழா மலரில் அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தபோது, அவரது வாழ்வு முழுவதையும் எழுத முற்படாமல், 1913 முதல் 1923 வரையிலான பத்தாண்டுகளை மட்டும் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம். நீலநிற மேலங்கியும் கையில் நூலுமாக நிற்கும் அவர் உருவம் நம் தெருக்கள்தோறும் உண்டு. அந்தச் சட்டப் பேரறிஞர், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பலேறி ஊர் திரும்பிய இளைஞராகவும் ஒருகாலத்தில் இருந்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

அண்ணல் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவின் மௌ என்னும் இராணுவப் பாளையத்தில் பிறந்தார். தந்தை இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். பள்ளியில் தனியே அமர்த்தப்பட்டதும் தண்ணீருக்குத் தவித்ததும் யாவரும் அறிந்த செய்திகள். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். கேளுஸ்கர் என்னும் ஆசிரியப் பெருந்தகை பரிந்துரைக்க, பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தார். 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913 பிப்ரவரியில் தந்தையார் காலமானார்.

அவ்வாண்டிலேயே பரோடா மன்னரின் உதவி மீண்டும் கிட்டியது. அமெரிக்காவில் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயில மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் வழங்கப்பட்டது. படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டு பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். மூன்றாண்டு என்ற எல்லையை அண்ணல் ஒரு நாளும் மறந்தவராகத் தெரியவில்லை. 1915இல் எம்.ஏ. பட்டம், 1916 மே மாதத்தில் சாதிகளின் தோற்றம் குறித்த ஆய்வுரை, அடுத்த மாதமே டாக்டர் பட்டத்திற்கான ஆய்வேடு. பிறகு அமெரிக்காவில் தங்காமல் 1916 அக்டோபரில் இலண்டன் சேர்ந்து, கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் ஒருங்கே சேர்ந்தார்.

இங்கேதான் தடை வந்தது. உபகாரச் சம்பளக் காலம் முடிந்துவிட்டது. இலண்டன் பட்டம் ஒன்றும் கைக்கு வரவில்லை. வழக்கறிஞர் படிப்பும் நடுவில் நின்றது. 1917இல் அவர் நாடு திரும்ப நேரிட்டது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் வேறு கப்பலில் வந்தார். அவருடைய நூல்களையும் பெட்டிகளையும் ஏற்றிவந்த கப்பல் தாக்கப்பட்டு மூழ்கிற்று.

ஆனால் இலண்டனை விட்டுப் புறப்படும் முன் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். பேராசிரியர் எட்வின் கானன் வாயிலாக, 1917 அக்டோபர் தொடங்கி நான்காண்டுகளுக்குள் திரும்பிவந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியைப் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டார். இச்செய்தியைப் பலர் ஒரு வரியில் கடந்து போகின்றனர். நமக்கோ அவரது இளமைக் காலத்தின் அச்சாணியே இதுதான் என்று தோன்றுகிறது. படிப்பை விட்டுச் செல்லும்போதே திரும்பி வருவதற்கு ஒரு கெடு வைத்துக்கொண்டு சென்றவர் அவர். 1921 அக்டோபர் என்பது அக்கெடு.

நான்காண்டு என்பது கேட்பதற்கு நீண்ட காலம். எப்படிக் கரைந்தது என்று பாருங்கள். ஒப்பந்தப்படி பரோடா சென்றார். மன்னரின் இராணுவச் செயலாளராகப் பதவி. ஆனால் அலுவலக ஏவலாளர்கள் கோப்புகளை அவர் மேசைமீது தொலைவிலிருந்து எறிந்தனர். தங்குவதற்கு அந்நகரில் ஓரிடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தவரைப் பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. பொதுப் பூங்காவில் அமர்ந்து கண்ணீர் உகுத்துவிட்டுப் பம்பாய்க்கு இரயிலேறினார். பத்தாண்டுப் பணி ஒப்பந்தத்தை அவரால் நிறைவேற்ற இயலாது போயிற்று. தலைசாய்க்க ஒரு கூரை தராத நகரில் பத்தாண்டு பணியாற்றுவது எவருக்கும் ஆகாத காரியம்.

பம்பாயில் தனிப்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். பங்குச் சந்தையில் முதலிடுவோர்க்கு ஆலோசனை கூறும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். பொருளியலில் தேர்ந்த அவருக்கு அது பொருத்தமான தொழிலே. அவர் தீண்டப்படாதார் என்பது தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது, நிறுவனத்தை மூடிவிட்டார். கைவிட வேண்டியதை உரிய நேரத்தில் கைவிடுவதும் கணக்குப் பார்ப்பவனுக்கு வேண்டிய தெளிவுதான். மழை பெய்யாத ஆண்டில் மறுவிதைப்புக்கு மேலும் கடன் வாங்கலாமா என்று எண்ணிப் பார்க்கும் நம் சம்சாரிக்கு இது புரியும்.

1918 நவம்பரில் சைடன்ஹாம் வணிகக் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகத் தற்காலிக வேலை கிடைத்தது. மாத ஊதியம் 450 ரூபாய். அக்காலத்தில் அது பெருந்தொகை. கெடுவில் ஓராண்டிற்கு மேல் அப்போதே போய்விட்டது.

இளைஞர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறோம். மனைவியும் மகனும் உண்டு. இறந்துபோன தமையனின் குடும்பமும் அவரை எதிர்பார்த்திருந்தது. கொலம்பியாவில் பெற்ற எம்.ஏ. கையில் இருக்கிறது, பேராசிரியர் பதவி இருக்கிறது. ஆசிரியர் அறையிலிருந்த தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்று உடன் பணியாற்றியோர் சிலர் மறுப்புச் சொன்ன இழிவு இருந்ததாயினும், இவ்வளவு போதும் என்று எவர் நின்றுவிட்டாலும் அவரைக் குறைகூற முடியாது. அண்ணல் நிற்கவில்லை. பம்பாய்ப் பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருக்கும் சால் கட்டடத்தின் சிறிய அறைகளிலேயே குடும்பத்தை வைத்துக்கொண்டார். வீட்டுச் செலவுக்கு அன்னை இரமாபாயிடம் அளவான தொகையைக் கொடுத்து, மீதியைச் சேமித்தார். பதினாறு மாதம் அவ்வேலையில் இருந்தார். அத்தனை மாத ஊதியத்தையும் கூட்டினாலும் 7,200 ரூபாய்தான். குடும்பச் செலவு போகச் சேர்ந்தது இலண்டனுக்குப் போதாது. கோலாப்பூர் மன்னர் ஷாகு மகராஜ் உதவினார். கொலம்பியாவில் உடன் பயின்ற பார்சி நண்பர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடனாகத் தந்தார். 1920 மார்ச்சில் வேலையை விட்டு விலகி, அவ்வாண்டின் நடுவில் கப்பலேறினார். கெடு முடிய ஏறத்தாழ ஓராண்டு எஞ்சியிருக்கையில் மீண்டும் இலண்டன் மாணவரானார்.

இப்பகுதியை எழுதும்போது அன்னை இரமாபாயை எண்ணாமல் இருக்க முடியவில்லை. அளவான அத்தொகைக்குள் குடும்பத்தை நடத்தியவர் அவர். பெற்ற ஐந்து பிள்ளைகளுள் நால்வரை இழந்தவர் அவர். கணவரின் பட்டத்திற்குரிய விலையில் ஒரு பங்கு அவர் கொடுத்தது. இப்பங்கை நம்மவர் மேடைகளில் போதிய அளவு சொல்வதில்லை என்பது நம் குறை.

இலண்டனில் அவர் வாழ்ந்த வாழ்வை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். காலையில் வீட்டுக்காரி தரும் ரொட்டியும் மீன் துண்டும் தேநீரும். பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம். நேரமும் காசும் மிஞ்சட்டும் என்று மதிய உணவைத் தவிர்த்தார். இரவில் பசித்தால், நண்பர் ஒருவர் கொடுத்திருந்த அப்பளத்தைச் சுட்டுத் தின்று பால் அருந்திவிட்டு மறுபடியும் படிப்பு. கடன் வாங்கிய பணத்தில் கழியும் நாள்கள் என்பதால் ஒவ்வொரு நாளுக்கும் விலை இருந்தது. 1921 ஜூனில் எம்.எஸ்சி. பட்டம் வந்தது. 1922இல் வழக்கறிஞர் தகுதி வந்தது. அவ்வாண்டு அக்டோபரில், இந்திய ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வேட்டை டி.எஸ்சி. பட்டத்திற்காகச் சமர்ப்பித்தார். முடிவு வருமுன் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் பயில முயன்றார்.

அங்கிருக்கையில் மற்றொரு தடை. ஆய்வேட்டைத் திருத்தி எழுதித் தருமாறு தேர்வாளர்கள் கூறிவிட்டனர். ஆங்கில ஆட்சியின் நாணயக் கொள்கையை அது கடுமையாகச் சாடியிருந்தது. கையிலோ பணம் தீர்ந்துவிட்டது. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பினார். ஆய்வேட்டையும் உடன் கொண்டுவந்தார். வழக்கறிஞராகப் பதிவு செய்து தொழில் தொடங்கவும் நண்பர் நவல் பதேனாவின் கைம்மாற்றே உதவியது. அந்த நெருக்கடியின் நடுவில் ஆய்வேட்டைத் திருத்தினார், முடிவுகளை மாற்றவில்லை. கடலுக்கு அப்பால் அனுப்பினார். 1923 நவம்பரில் டி.எஸ்சி. பட்டம் வழங்கப்பட்டது. அடுத்த மாதமே இலண்டனில் அது நூலாக வெளிவந்தது. தம் பெற்றோருக்கு அந்நூலை அவர் காணிக்கையாக்கினார். பேராசிரியர் கானன் முன்னுரை எழுதினார். மாணவரின் கருத்துகளோடு தாம் மாறுபடும் இடங்களையும் அதிலேயே குறித்தார்.

கொலம்பியாவில் ஒரு பாக்கி எஞ்சியிருந்தது. ஆய்வேடு அச்சாகிப் படிகள் வந்து சேர்ந்தால்தான் டாக்டர் பட்டம் முறைப்படி வழங்கப்படும். 1916இல் தொடங்கிய அக்காரியத்தையும் அவர் கைவிடவில்லை. மாகாண நிதி குறித்த நூல் 1925இல் வெளிவர, 1927இல் அப்பட்டமும் முறையாக வந்து சேர்ந்தது. பதினோராண்டுப் பாக்கி! அதற்குள் அவர் மகாத் குளத்தில் நீர் அள்ளிக் குடித்து நாடறிந்த தலைவராகிவிட்டார். அந்தப் பட்டம் இல்லாவிட்டாலும் அவரை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பின்னாளைய பெருவாழ்வு பாட நூல்களில் உள்ளது, இங்கு விரிக்கவில்லை. நம் சங்கத்தைப் போன்ற அமைப்புகளுக்கு நெருக்கமான சிலவற்றை மட்டும் சொல்வோம். 1924இல் அவர் தொடங்கிய சபை, மறு ஆண்டே சோலாப்பூரில் நம் மாணவர்க்கென விடுதி நடத்தியது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்புக்குத் தாழ்த்தப்பட்ட மாணவர் பெறும் உபகாரச் சம்பளத் திட்டம் 1944இல் தொடங்கிற்று. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிப் படிப்புக்குப் பெறும் தொகையின் ஊற்று அதுவே. பரோடா மன்னர் ஒருவருக்கு அளித்த இருபத்தைந்து ரூபாயை அவர் பல்லாயிரவர்க்கு ஆக்கினார் என்று நாம் சொல்வதுண்டு. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார்.

1956 மார்ச்சில் ஆக்ரா நகரில் பேசுகையில், தம் வாழ்நாள் உழைப்பைத் தாமே மதிப்பிட்டார். படித்து வேலைக்கு வந்தோர் சமுதாயத்தை ஏறிட்டுப் பார்ப்பார்கள் என்று நம்பியிருந்ததாகவும், அவர்கள் தம்மை ஏமாற்றிவிட்டதாகவும் வருந்தினார். அரசு ஊதியம் வாங்கும் நம் போன்றோர்க்கு அப்பேச்சைப் படிப்பது எளிதன்று. இச்சங்கத்தின் சந்தாப் பதிவேட்டில் நம் பெயருக்கு எதிரே விடுபட்ட மாதங்கள் உண்டு என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறோம்.

1935இல் இயோலா மாநாட்டில், தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அறிவித்திருந்தார். இருபத்தோராண்டு கழிந்து 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவி அதனை நிறைவேற்றினார். அப்போது உடல் மிகவும் தளர்ந்திருந்தது. புத்தரையும் அவர் தம்மத்தையும் குறித்த நூலுக்கான முன்னுரைத் தாள்களை டிசம்பர் 5ஆம் நாள் இரவு திருத்துவதற்காக மேசைமேல் வைக்கச் சொன்னார். மறுநாள் காலை அவர் எழவில்லை. அந்நூலை அவர் தோற்றுவித்த சித்தார்த்தா கல்லூரியே 1957இல் வெளியிட்டது.