ரூபாயைப் படித்த அண்ணல்

பொருளாதாரம் கடினம் என்று முதலாண்டிலேயே ஒதுங்கும் மாணவர்கள் அண்ணல் அம்பேத்கரின் கல்விப் பயணத்தை அறிய வேண்டும்.

பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் படித்துப் பட்டம் பெற்றவர், 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1915இல் முதுகலைப் பட்டம். 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளி. உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டு நாடு திரும்பினார்.

1918இல் பம்பாய் சைடனம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தனர். அவரோ சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவியும் பெற்று, 1920இல் மீண்டும் லண்டன் சென்றார்.

அந்த ஆய்வே 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய நூலாக வந்தது. பணத்தின் மதிப்பு, அது வாங்கித் தரும் பொருளில்தான் இருக்கிறது. அரசு வரம்பின்றி ரூபாய் வெளியிட்டால் விலை ஏறும்; கூலி அந்த வேகத்தில் ஏறாது. எனவே வெளியீட்டுக்கு வரம்பு வேண்டும் என்று வாதிட்டார். 1925இல் நாணயம் குறித்த ராயல் கமிஷன் முன்பும் சாட்சியமளித்தார்.

விலைவாசியும் பணவீக்கமும் கூலிக்காரர் வீட்டு உலைப்பானையின் கணக்கு. அந்தப் பாடத்தை நம் பிள்ளைகள் படிக்காமல் வேறு யார் படிப்பது?