அழுக்கை நம்பிய அறிஞர்

கிருமியைக் கொலைகாரன் என்று உலகுக்குக் காட்டிக் கொடுத்தவர் ராபர்ட் கோக். அந்தக் கிருமிக் கூட்டமே நமது குடிநீருக்குக் காவல் நிற்கவும் கூடும் என்று எடுத்துரைத்தவரும் அவர்தாம். முன்னதை நாம் எல்லோரும் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறோம். பின்னதை நான் சென்ற ஆண்டுதான் அறிந்தேன்.

1843-ல் ஜெர்மனியில் கிளவுஸ்தால் என்னும் சுரங்க ஊரில் பிறந்தார். வோல்ஷ்டைன் என்ற சிற்றூரில் மாவட்ட வைத்தியராக இருந்தபோது, நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, வீட்டிலேயே நுண்பெருக்காடியும் கையுமாக இருந்தார். 1876-ல் அடைப்பான் நோயின் கிருமி. 1882-ல் காசநோய்க் கிருமி. அடுத்த ஆண்டு காலராவைத் தேடி எகிப்துக்குப் போனவர், அங்கிருந்து நம் கல்கத்தாவுக்கும் வந்தார். அங்கே ஒரு குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். கலந்து கிடக்கும் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு வகையைப் பிரித்து, ஜெலட்டின் தட்டில் தனியே வளர்ப்பது அவர் கைவந்த கலை.

1890-ல் சறுக்கினார். காசத்துக்கு மருந்தென்று அவர் அறிவித்த டியூபர்குலின் நோயைத் தீர்க்கவில்லை. புகழ் மங்கியிருந்த அந்த வேளையில்தான், 1892 ஆகஸ்டில், ஹாம்பர்க்கில் காலரா வெடித்தது. 8,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அரசாங்கம் கோக்கை அனுப்பியது.

ஹாம்பர்க் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே குடித்தது. ஒட்டினாற்போலிருந்த அல்டோனா நகரமோ, ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பின் வரும் நீரை எடுத்தும், மணலில் வடிகட்டிக் குடித்துப் பெரும்பாலும் தப்பியது. இரு நகருக்கும் எல்லையான தெருவில், ஹாம்பர்க் பக்கத்தில் காலரா, எதிர்ப்பக்கத்தில் இல்லை!

மணலா காத்தது? மணற்பரல்களின் இடுக்கு கிருமியைவிடப் பன்மடங்கு பெரிது. புது மணல் கிருமியைச் சரிவரத் தடுக்காது. நாட்கள் செல்லச் செல்ல, நீரிலுள்ள நுண்ணுயிர்கள் பரல்களில் ஒட்டிப் பசை சுரந்து பெருகுகின்றன. பாசியும் வண்டலும் சேர்ந்து மேலே வழவழப்பான படலம் படிகிறது. ஆற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்தவர்களுக்கு நான் அதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வருகிற கிருமி அந்தப் பசையில் சிக்குகிறது. அங்கேயே வாழும் ஓரணு உயிர்கள் அதைத் தின்றும் விடுகின்றன. ஜெர்மானியர் இதற்கு இட்ட பெயர் அழுக்குப் போர்வை. ஆய்வுக்கூடத்தில் இப்படிப் படிவதை நாங்கள் முகஞ்சுளித்துக் கழுவித் தள்ளுவோம். கிருமிகளைப் பிரித்தெடுத்தே பேர் வாங்கிய கோக், பிரிக்கப்படாத இந்தக் கூட்டத்தின் அருமையை உணர்ந்தார் என்பதுதான் எனக்கு வியப்பு.

படலம் தடித்தால் நீர் இறங்காது. மேல் மணலைச் சுரண்டியே ஆகவேண்டும். ஆபத்தும் அப்போதுதான். 1893-ன் தொடக்கத்தில் அல்டோனாவிலும் காலரா தலைகாட்டியது. கடுங்குளிரில் சுத்தம் செய்யப்பட்ட தொட்டியொன்றின் மணல் உறைந்து, நீர் சரியாக வடியாமல் இறங்கியிருந்ததைக் கோக் கண்டுபிடித்தார். மணலுக்குள் நீர் மணிக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கலாகாது. ஒவ்வொரு தொட்டியின் நீரையும் நாள்தோறும் சோதித்து, ஒரு கன சென்டிமீட்டரில் 100 கிருமிகளுக்கு மேலிருந்தால் தள்ளிவிட வேண்டும் என்று விதி வகுத்தார். எண்ணுவதற்கு உதவியது அவருடைய பழைய ஜெலட்டின் தட்டுதான்.

அவ்வாண்டு மே மாதம் ஹாம்பர்க்கும் மணல் வடிகட்டிகளைத் திறந்தது. 1905-ல் கோக்குக்கு நோபெல் பரிசு கிடைத்தது, காசநோய் ஆராய்ச்சிக்காக. 1910-ல் பாடன்-பாடனில் காலமானார்.