சிந்தாமணிக்கு ஏழு ஆண்டுகள்

இன்று கலிஃபோர்னியாவில் உட்கார்ந்தபடி கூகுளில் தட்டினால் சீவகன் கதை இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். உ.வே.சாமிநாதையருக்கு அதற்கு ஏழு ஆண்டுகள் ஆயின.

உத்தமதானபுரத்துக்காரர், 1855-ல் பிறந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், அவர் 1876-ல் மறையும்வரை பாடம் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று கற்ற நூல்களின் பட்டியல் நீளமானது. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானபோது அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். ஐயர் தம் பட்டியலைச் சொல்லச் சொல்ல, முதலியார் அசைந்து கொடுக்கவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. ஆசிரியரிடமும் பாடம் கேட்டதில்லை. ஆனாலும் புத்தகம் கிடைத்தால் படித்துப் பொருள் சொல்ல முடியும் என்று இளமைத் துணிச்சலில் சொல்லிவிட்டார். முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் படி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் பிரித்தால், கடவுள் வாழ்த்திலேயே தடுமாற்றம். நூல் சமண நூல். ஐயர் சைவ மடத்தில் வளர்ந்தவர். நச்சினார்க்கினியர் உரை துணைக்கு இருந்தது, ஆனால் அது நூலைவிடக் கடினம். வேறு நூல்களிலிருந்து அடிகளை எடுத்துக் காட்டுவார், எந்த நூல் என்று சொல்ல மாட்டார். ஆவணமே இல்லாத பழைய மென்பொருளைக் கையில் வாங்கிய நண்பர்களுக்கு ஐயரின் நிலை நன்றாகப் புரியும்.

கதையை மட்டும் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு சமாளித்திருக்கலாம். முதலியாரிடம் அது செல்லாது என்பது ஒருபுறம். ஐயரின் மனமும் ஒப்பவில்லை. கும்பகோணத்திலேயே சமணர்கள் சிந்தாமணியை முறையாகப் படித்து வருவது தெரிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனார். சந்திரநாத செட்டியார் போன்றவர்களிடம் சமயச் சொற்களுக்கும் மரபுகளுக்கும் விளக்கம் கேட்டார். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், அங்கே மாணவராக உட்கார்ந்தார்.

உரையின் மேற்கோள்கள் விடவில்லை. திருவாவடுதுறை மடத்து ஏடுகளைப் புரட்டியபோது பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் கண்ணில் பட்டன. நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் விட்ட அடிகள் அவற்றில் இருந்தன! சங்க நூல்கள் நமக்குக் கிடைத்த வழிகளில் ஒன்று, ஓர் உரையைப் புரிந்துகொள்ள இவர் பட்ட பாடு. பல ஊர்ப் பிரதிகளை ஒப்பிட்டு, சொற்களுக்கு அகராதியும் தயாரித்துக்கொண்டு, 3,145 பாடல்கள் கொண்ட காப்பியத்தை 1887-ல் பதிப்பித்தார்.

பத்துப்பாட்டு 1889-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும் வந்தன. மணிமேகலைக்கு வேறு சிக்கல்: கேட்டுத் தெரிந்துகொள்ள அக்கம்பக்கத்தில் பௌத்தர்கள் இல்லை. ஆங்கில நூல்களைப் படித்திருந்த நண்பர் ரங்காசாரியரிடம் பௌத்தம் கற்ற பிறகே 1898-ல் அதை வெளியிட்டார். அதற்குக் கதைச் சுருக்கம் ஒன்றும் எழுதிச் சேர்த்தார். ஆம், சுருக்கம்தான்! முதலியார் மணிமேகலையைப் பற்றிக் கேட்டு அப்போது பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1942 ஏப்ரல் 28 அன்று திருக்கழுக்குன்றத்தில் காலமானார். ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்த 'என் சரித்திரம்' பாதியில் நின்றது.