பற்று விட்டுப் பணி ஏற்றவர்: சோபியா பிளாக்மோர் அம்மையார்

நம் சுவா சூ காங் வட்டாரத்தில் ஒரு காலத்தில் மிளகும் கம்பீரும் பயிரிடப்பட்டன. பின்னர் ரப்பர் மரங்கள் தழைத்தன. இன்று அவ்விடங்களில் அடுக்குமாடி வீடுகள் ஓங்கி நிற்கின்றன. தோட்டங்களில் வியர்வை சிந்தியவர்களின் பேரப்பிள்ளைகளும், இன்று வீடமைப்புப் பேட்டைகளில் உழைப்பவர்களின் பிள்ளைகளும், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி ஒரே வகுப்பில் அமர்ந்து கற்கின்றனர். நமக்கு இஃது இயல்பான காட்சி. ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்போ, இந்நகரில் ஒரு தமிழ்ச் சிறுமி ஏடும் எழுதுகோலும் ஏந்திப் பள்ளிக்குச் செல்வது அரிய காட்சியாய் இருந்தது. அந்நிலையை மாற்ற முன்வந்தோருள் ஒருவர் சோபியா பிளாக்மோர் அம்மையார். அவர்தம் வாழ்க்கை வரலாற்றை இவ்வாண்டு மலரில் நாம் காண்போம்.

அம்மையார் ஆஸ்திரேலிய நாட்டில், நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலுள்ள கோல்பர்ன் என்னும் ஊரில் 1857ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் பிறந்தார். அவர் பிறந்தது கிறிஸ்துவ நம்பிக்கையில் ஊறிய குடும்பம். அன்பான பெற்றோர், உடன்பிறந்தோர், பழகிய ஊர், அமைதியான வாழ்வு ஆகிய யாவும் அவருக்கு இருந்தன. அவற்றை விட்டுப் பிரிய வேண்டும் என்று எவரும் அவரை வற்புறுத்தவில்லை.

அந்நாளில் இசபெல்லா லெனர்டு என்னும் அமெரிக்க ஊழியர் ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். அவரது பேச்சும் பணியும் சோபியாவின் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்பின. இறைவனை நம்புகிறோம் என்று வாயால் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடுமா? கைகளும் கால்களும் அந்நம்பிக்கைக்குப் பணிய வேண்டாமா? இவ்வினாவுக்கு விடை தேடிய அவர், இசபெல்லா அம்மையாருடன் இந்தியாவுக்குப் பயணமானார்.

அதே வேளையில் சிங்கப்பூரில் ஒரு தேவை எழுந்திருந்தது. பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்தம் பாதிரியார் 1886ஆம் ஆண்டு இங்கு ஆண்பிள்ளைகளுக்காக ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கினார். பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி ஒன்று வேண்டும் என்று அவரும் அவர்தம் துணைவியாரும் விரும்பினர். அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகரத்து மெதடிஸ்ட் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த மேரி நைண்டு அம்மையார், இப்பணிக்கென 3,000 டாலர் தருவதாக வாக்களித்தார். பனி உறையும் நாட்டுப் பெண்கள், தாம் காணாத வெப்ப நாட்டுச் சிறுமியருக்காகப் பொருள் ஈந்தனர். பொருள் கிடைத்தது, பணியை ஏற்க ஆள் வேண்டுமல்லவா? இந்தியாவில் இருந்த சோபியா அம்மையார் அதனை ஏற்றார். 1887ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் அவர் சிங்கப்பூரில் கால் வைத்தபோது அவருக்கு வயது 29.

அவர் காலம் தாழ்த்தவில்லை. தம் புதல்வியரும் கற்க வேண்டும் என்று விரும்பிய தமிழ் வணிகர் சிலர் அவருக்குத் துணை நின்றனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், இன்றைய லிட்டில் இந்தியாவுக்கு அருகேயுள்ள ஷார்ட் ஸ்திரீட்டில், ஒரு கடைவீட்டில் பள்ளி தொடங்கியது. வந்து அமர்ந்த மாணவியர் ஒன்பதின்மர். அனைவரும் இந்தியச் சிறுமியர். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்பதே அதன் முதற்பெயர். அதுவே வளர்ந்து மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி எனப் பெயர் பெற்றது.

நகரில் வேறு பெண்கள் பள்ளிகள் இல்லாமல் இல்லை. விக்டோரியா ஸ்திரீட்டில் கன்னியர் மடப் பள்ளி 1854ஆம் ஆண்டு முதலே நடந்து வந்தது. ஆயினும் பெரும்பாலான இல்லங்களின் கதவுகள் பெண்கல்விக்குத் திறக்கவில்லை. திருமணமாகிப் போகும் மகளுக்குப் படிப்பு எதற்கு என்பதே பலருடைய எண்ணம். அயல்நாட்டுப் பெண்மணியிடம் அனுப்பினால் மகள் தம் சமயத்தையும் வழக்கத்தையும் மறந்துவிடுவாளோ என்ற அச்சமும் இருந்தது. அவ்வச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தம் சமயத்தைப் பிறருக்கு எடுத்துரைப்பதும் தம் பணியே என்று அம்மையார் கருதினார். அதனை அவர் மறைக்கவும் இல்லை.

அத்தகைய பெற்றோரின் நம்பிக்கையைப் பெறுவது எளிதன்று. அதற்கு அம்மையார் வீடு வீடாக நடந்தார். அன்னையரோடு அமர்ந்து பேசினார். மறுத்தவர் இல்லத்துக்கு மீண்டும் சென்றார். இங்குள்ள சீனப் பெரனாக்கான் குடும்பத்துப் பெண்கள் மலாய் பேசினர். ஆதலால் தாமும் ஒரு மாணவியாகி மலாய் மொழியைக் கற்றார். கற்பிக்க வந்தவர் முதலில் கற்க வேண்டியிருந்தது. கற்றவர் என்ற பெருமையைக் கழற்றி வைத்தாலன்றி இது கைகூடுமா?

அதன் பயனாக 1888ஆம் ஆண்டு தெலுக் ஆயர் பகுதியில், ஒரு பெரனாக்கான் மாதரசியின் இல்லத்தில் சீனச் சிறுமியருக்கான பள்ளி தொடங்கியது. இன்றைய ஃபேர்ஃபீல்டு மெதடிஸ்ட் பள்ளியின் வித்து அதுவே. 1890ஆம் ஆண்டளவில் சோபியா சாலையில் ஓர் இல்லத்தையும் அமைத்தார். பெற்றோரை இழந்த சிறுமியரும், தொலைவிலிருந்து கற்க வந்தோரும் அங்கே உணவும் உறைவிடமும் பெற்றனர். 3,000 டாலர் வாக்களித்த அம்மையாரை நினைவுகூரும் வண்ணம் அது நைண்டு இல்லம் எனப் பெயர் பெற்றது. மணம் புரியாது வாழ்ந்த சோபியா அம்மையாருக்கு அச்சிறுமியரே பிள்ளைகள் ஆயினர்.

துறவு என்றவுடன் காடும் மலையும் நம் நினைவுக்கு வரும். உலகை வெறுத்து ஒதுங்குவதே துறவு என்று எண்ணுவோரும் உளர். அம்மையாரோ கடைத்தெருவின் இரைச்சல் நடுவே துறவு பூண்டார். தம் குடும்பத்தின் மீது அவருக்கு அன்பு இல்லாமல் போகவில்லை. அன்பு வேறு, பற்று வேறு. எனக்கு, எனது என்று இறுகப் பிடித்துக்கொள்வதே பற்று. பிடித்த கையைத் தளர்த்தினால்தான் பிறருக்கு அக்கையை நீட்ட முடியும். அம்மையாரின் கிறிஸ்துவ நம்பிக்கை இவ்வாறே செயலாயிற்று.

வீட்டையும் ஊரையும் விடுவது ஒரு துறவு. தாமே கட்டி எழுப்பியதை விடுவது அதனினும் கடினம். ஷார்ட் ஸ்திரீட் பள்ளி அவர் கையால் நட்ட செடி. ஆயினும் அது தம்முடையது என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. பின்வந்த மேரி ஓல்சன் முதலான ஆசிரியைகள் அதன் தலைமையை ஏற்று வளர்த்தனர். அம்மையாரோ இல்லப் பணி, திருச்சபைப் பணி, மலாய் மொழியில் இதழ் வெளியிடும் பணி எனத் தேவையுள்ள இடங்களுக்குச் சென்றார். விதைத்தவர் ஒருவர், நீர் ஊற்றியவர் வேறொருவர். செடி வாடாமல் வளர்ந்ததற்கு இதுவே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

ஏறத்தாழ 40 ஆண்டுகள் உழைத்தபின், 1928ஆம் ஆண்டு அம்மையார் சிங்கப்பூரிலிருந்து விடைபெற்றார். இளமையில் பிறந்த நாட்டை விட்டு வந்தவர், முதுமையில் தாம் வாழ்ந்த நாட்டையும் விட்டுச் சென்றார். 1945ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், தம் 87ஆம் வயதில் அவர் மறைந்தார். அப்போது சிங்கப்பூர் ஜப்பானியர் பிடியில் இருந்தது. தம் மாணவியரின் நகரம் விடுதலை பெறுவதை அவர் காணவில்லை. போர் முடிவுக்கு வந்தது ஆறு வாரங்களுக்குப் பின்னர், ஆகஸ்ட் 15ஆம் நாள். 58 ஆண்டுகளுக்கு முன் ஒன்பது சிறுமியருடன் அவர் பள்ளி தொடங்கிய நாளும் அதுவே.

இன்று ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை விளங்குகிறது. அங்கே பிறந்த பள்ளி 1992ஆம் ஆண்டு முதல் புக்கித் தீமா வட்டாரத்தில் இயங்குகிறது. அது நிற்கும் சாலைக்கு அம்மையாரின் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

மாணவச் செல்வங்களே! நம்முள் பல சமயத்தவர் உள்ளோம். அவரவர் சமயம் அவரவர்க்கு உயர்ந்தது. எச்சமயத்தைப் பின்பற்றினாலும், நம்பிக்கை செயலாக மலர வேண்டும் என்பதை அம்மையாரின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது. ஆறாம் வகுப்பு மாணவர்கள் தாம் இதுவரை காத்துவந்த நூலகப் பொறுப்பையும் வகுப்புத் தலைமையையும் இளையவரிடம் ஒப்படைக்கப் போகிறார்கள். அதனை முகம் சுளிக்காமல், தமக்குத் தெரிந்தவற்றை எல்லாம் கற்றுக்கொடுத்து ஒப்படைப்பதும் ஒரு சிறு துறவேயாகும்.

பகலெல்லாம் உழைத்துக் களைத்து இல்லம் திரும்பும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டு வேலைக்கு மகளின் கை உதவியாக இருக்கும் என்பது உண்மையே. எனினும் மாலையில் அவள் படிக்கும் ஒரு மணி நேரத்தை அவளுக்கே விட்டுவிடுங்கள். அன்று ஒன்பது தமிழ்த் தந்தையரும் அன்னையரும் துணிந்து தம் புதல்வியரை அனுப்பியிராவிடில், அம்மையாரின் பள்ளி வெறும் கடைவீடாகவே இருந்திருக்கும்.