பாதியில் நின்ற ஓவியங்கள்: லியோனார்டோ டாவின்சிக்கு ஏடிஹெச்டி இருந்ததா?

வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய பிரசன்டேஷன் அப்படியே கிடக்கிறது. ஆனால், நேற்று ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்து, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விஷயத்தை அக்குவேறு ஆணிவேறாகப் படித்து முடித்திருப்பீர்கள். ஏன் இப்படி என்று மேனேஜர் கேட்டால் சொல்ல பதில் இருக்காது. சோம்பேறி, பொறுப்பில்லாதவர் என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

ஏறக்குறைய இதே பெயரை 500 வருடங்களுக்கு முன்பு இத்தாலியில் ஒருவர் வாங்கினார். அட்வான்ஸ் வாங்கிய வேலையை முடிக்கவில்லை. கேட்ட ஓவியத்தைக் கொடுக்கவில்லை. அவர் பெயர் லியோனார்டோ டாவின்சி.

மோனலிசாவை வரைந்தவரா? ஆமாம், அவரேதான். அந்த மோனலிசாவையும் கேட்டவர்களிடம் அவர் கடைசி வரை கொடுக்கவே இல்லை!

ஆய்வாளர்கள் சொன்னது என்ன?

டாவின்சி இறந்து 500 ஆண்டுகள் ஆன 2019-ல், ‘பிரெய்ன்’ என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மார்கோ கட்டானி, இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தின் பாவ்லோ மஸ்ஸரெல்லோ. டாவின்சியோடு பழகியவர்களும் அவர் காலத்தை ஒட்டி வாழ்ந்தவர்களும் எழுதி வைத்த குறிப்புகளைப் படித்துவிட்டு, அவருக்கு ஏடிஹெச்டி இருந்திருக்கலாம் என்று இருவரும் வாதிட்டார்கள்.

இறந்துபோன ஒருவருக்கு யாரும் நோயறிதல் செய்ய முடியாது. அதை கட்டானியே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும், அவ்வளவு திறமை இருந்தும் ஏன் அத்தனை வேலைகள் பாதியில் நின்றன என்ற கேள்விக்கு இதுதான் பொருத்தமான விளக்கம் என்பது அவர் தரப்பு.

ஏடிஹெச்டி என்றால் என்ன?

கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு என்று தமிழில் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டால் கவனமே இல்லாதவர்கள் என்று தோன்றும். உண்மையில் சிக்கல், கவனத்தை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் நிறுத்த முடியாமல் போவதுதான். வேலையைத் தொடங்குவது, நேரத்தைக் கணக்குப் போடுவது, சலிப்பு வந்த பிறகும் தொடர்ந்து செய்வது எல்லாமே கஷ்டமாகிவிடும். பிடித்த விஷயம் என்றால் பலர் சோறு தண்ணி மறந்து மூழ்கிவிடுவதும் உண்டு.

இது குழந்தைகள் பிரச்சினை என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். பலருக்கு இது வளர்ந்த பிறகும் தொடர்கிறது என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. மரபணுக்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. வளர்ப்பு சரியில்லை, ஒழுக்கம் போதவில்லை என்பதால் வருவதில்லை.

இனி டாவின்சியின் கதைக்கு வருவோம்.

வின்சி ஊர்ப் பையன்

1452 ஏப்ரல் 15-ல், ஃப்ளாரன்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள வின்சியில் பிறந்தார். அப்பா பியரோ ஒரு நோட்டரி. அம்மா கத்தரீனா. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதனால் அப்பாவின் தொழிலுக்குப் போகும் வழி அவருக்குத் திறக்கவில்லை. முறையான லத்தீன் படிப்பும் கிடைக்கவில்லை. இடது கைப் பழக்கம். வலமிருந்து இடமாக, கண்ணாடியில் காட்டினால்தான் படிக்க முடிகிற மாதிரி எழுதுவார்.

அவருடைய வாழ்க்கையை 1550-ல் புத்தகமாக வெளியிட்ட ஜியோர்ஜியோ வசாரி, சின்ன வயதிலேயே நிறைய விஷயங்களைக் கற்கத் தொடங்கி, கொஞ்ச நாளில் விட்டுவிடுவார் என்று குறிப்பிடுகிறார்.

ஃப்ளாரன்ஸில் வெரோக்கியோ என்ற கலைஞரின் பட்டறையில் சேர்ந்தார். ஓவியம், சிற்பம், உலோக வேலை எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். சுற்றிலும் ஆட்கள், பக்கத்திலேயே குரு. அங்கே நன்றாகவே வேலை செய்தார். 1472-ல் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார்.

தனியாகத் தொழில் தொடங்கியதும்...

1478-ல் அவருக்குத் தனியாக ஒரு பெரிய வேலை கிடைத்தது. நகர அரசு மாளிகையில் இருந்த வழிபாட்டு அறைக்கு பலிபீட ஓவியம் வரைய வேண்டும். 25 ஃப்ளோரின் அட்வான்ஸ் வாங்கினார். ஓவியம் வரவே இல்லை.

1481-ல் ஒரு மடாலயம் இயேசுவின் பிறப்பை ஒட்டிய காட்சியை வரையச் சொன்னது. 24 மாதங்களில், அதிகபட்சம் 30 மாதங்களில் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். அதைப் பாதியில் விட்டுவிட்டு மிலான் நகரத்துக்குக் கிளம்பிவிட்டார். துறவிகள் கடைசியில் ஃபிலிப்பினோ லிப்பி என்ற வேறு ஓவியரிடம் வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் 15 வருடங்கள் ஓடியிருந்தன. டாவின்சி பாதியில் விட்ட அந்தப் படம் இன்று ஃப்ளாரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மிலானில் 1483-ல் இன்னொரு ஒப்பந்தம். டிசம்பர் 8 கெடு. பணத் தகராறும் சேர்ந்துகொள்ள, ஓவியம் உரிய இடத்தில் ஏறியது 1508-ல்தான். அதாவது, 25 வருடங்கள் கழித்து!

எல்லாமே அவர் தவறா?

இல்லை. மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சா, தன் அப்பாவின் நினைவாக ஒரு மாபெரும் வெண்கலக் குதிரைச் சிலை கேட்டார். 7 மீட்டருக்கு மேல் உயரமுள்ள களிமண் மாதிரியை டாவின்சி செய்து முடித்தார். வார்ப்பதற்காகச் சேர்த்து வைத்திருந்த வெண்கலம் 1494-ல் பீரங்கி செய்யப் போய்விட்டது. 1499-ல் மிலானைப் பிடித்த பிரெஞ்சுப் படையின் வில்வீரர்கள், அந்தக் களிமண் குதிரையைக் குறிவைத்து அம்பு விட்டுப் பழகினார்கள். இதற்கு டாவின்சி என்ன செய்வார்?

ஒரே ஒரு தூரிகைத் தீற்றல்

அதே மிலானில், சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடாலயத்தின் உணவுக்கூடச் சுவரில்தான் ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தை வரைந்தார். காலம் சுமார் 1495 முதல் 1498 வரை. அவர் வேலை செய்வதைச் சிறுவனாக இருந்தபோது நேரில் பார்த்த மத்தேயோ பந்தெல்லோ பின்னாளில் அதை எழுதி வைத்தார்.

சில நாள் விடியலில் சாரம் ஏறினால், பொழுது சாயும் வரை சாப்பிடாமல் வரைவாராம். அப்புறம் மூன்று நான்கு நாள் தூரிகையைத் தொடமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொரு நாள் உச்சி வெயிலில் எங்கிருந்தோ ஓடிவந்து, ஒன்றிரண்டு தீற்றல் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். மடாலயத் தலைவர் இதை ஆட்சியாளரிடமே புகாராகக் கொண்டுபோனார் என்கிறார் வசாரி.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. அன்றைய சுவரோவியங்களை ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். விட்டுவிட்டு வரைபவருக்கு அது சரிப்படாது. அதனால் டாவின்சி காய்ந்த சுவரில் வரையும் முறையைத் தேர்ந்தெடுத்தார். தன் வேகத்துக்கு ஏற்ப விதியையே மாற்றிக்கொண்டார். விலையும் கொடுத்தார். சில பத்தாண்டுகளுக்குள்ளேயே வண்ணம் உதிரத் தொடங்கியது. கடைசியாக நடந்த பெரிய சீரமைப்பு 1978-ல் தொடங்கி 1999-ல்தான் முடிந்தது.

முடித்த வேலைகளும் உண்டு

அவர் எதையுமே முடிக்காதவர் என்று சொல்வது சரியில்லை. 1490 ஜனவரி 13-ல் மிலான் அரண்மனைத் திருமண விழாவுக்காக, கோள்கள் நகரும் ஒரு மேடைக் காட்சியை வடிவமைத்தார். சொன்ன தேதியில் அது நடந்தது. விழாவைத் தள்ளிப்போட முடியாது; சுற்றிலும் வேலையாட்கள்; விஷயமும் புதுசு.

அடுத்த உதாரணம், லூகா பசியோலி என்ற கணித அறிஞர். இவருடைய புத்தகத்துக்கு டாவின்சி வரைந்த வடிவியல் படங்கள் 1509-ல் வெனிஸில் அச்சாகின. டாவின்சியின் வாழ்நாளில் அச்சேறிய அவருடைய படங்கள் இவைதான். எழுதுவது, அச்சகத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் பசியோலி வேலை. டாவின்சி வரைந்தார், அவ்வளவுதான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். மாந்துவா நகரத்தின் இசபெல்லா தெஸ்தே தன் உருவப்படத்துக்காக ஆள் மேல் ஆள் விட்டார். 1501-ல் அவருக்கு வந்த பதில், டாவின்சி அன்றன்றைக்கு வாழ்கிறவர், இப்போது கணிதத்தில் மூழ்கி தூரிகை பக்கமே போவதில்லை என்ற தகவல். தூரத்தில் இருந்து வந்த நச்சரிப்பு அவரை அசைக்கவே இல்லை.

எழுதிக் குவித்த நோட்டுகள்

அவருடைய குறிப்புகள் 7,000 பக்கங்களுக்கும் மேல் இன்று மிஞ்சியிருக்கின்றன. பறவையின் சிறகு, தண்ணீரின் சுழல், கோட்டை, முகபாவம் எல்லாம் கலந்து கிடக்கும். ஃப்ளாண்டர்ஸ் மக்கள் பனிக்கட்டி மேல் எப்படி நடக்கிறார்கள் என்று ஒருவரிடம் கேட்க வேண்டும் என்பதுகூட அவருடைய டூ-டூ லிஸ்டில் இருக்கிறது! இதில் ஒரு நோட்டைத்தான் பில் கேட்ஸ் 1994-ல் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கினார்.

இங்கேதான் பெரிய இழப்பும் இருக்கிறது. சுமார் 30 உடல்களை அறுத்துப் பார்த்து, அதுவரை யாரும் வரையாத துல்லியத்தில் உடற்கூறியல் படங்களை வரைந்தார். இதய வால்வு மூடுவதில் ரத்தச் சுழலுக்குப் பங்கு உண்டு என்று கண்டுகொண்டார். பாவியாவின் மருத்துவப் பேராசிரியர் மார்கந்தோனியோ தெல்லா தோர்ரே இந்த ஆய்வுகளில் கூட நின்றார். 1511-ல் அவர் பிளேக் வந்து இறந்தார். புத்தகம் வரவில்லை. நவீன உடற்கூறியலின் தொடக்கம் என்ற பெருமை 1543-ல் புத்தகம் போட்ட வெசாலியஸுக்குப் போனது. டாவின்சியின் படங்கள் நூற்றாண்டுகளாக அலமாரியில் தூங்கின.

ஏடிஹெச்டியை சூப்பர் பவர் என்று சொல்லும் ரீல்ஸ் நிறைய வருகின்றன. இந்த இழப்பையும் அதில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியில் கிடைத்த நிம்மதி

ரோமில் போப் பத்தாம் லியோ ஒரு ஓவியம் கேட்டபோது, அதன் மேல் பூச வேண்டிய வார்னிஷுக்காக மூலிகை காய்ச்சத் தொடங்கினாராம். முடிவை முதலிலேயே யோசிக்கிற இவர் எதையும் முடிக்கமாட்டார் என்று போப் அலுத்துக்கொண்டதாக வசாரி எழுதுகிறார்.

1516-ல் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சிஸ் அவரை அழைத்துக்கொண்டார். அம்புவாஸ் ஊரில் வீடு, நல்ல சம்பளம். கெடு வைத்து ஓவியம் கேட்கவில்லை. அவரோடு பேசுவதுதான் மன்னருக்குப் பிடித்திருந்தது. கூடவே பிரான்செஸ்கோ மெல்சி என்ற மாணவர் இருந்தார். 1519 மே 2-ல், 67 வயதில், அங்கேயே டாவின்சி காலமானார்.

நோட்டுகள் மெல்சிக்குப் போயின. சிதறிக் கிடந்த குறிப்புகளில் இருந்து ஓவியம் பற்றியவற்றைப் பொறுக்கி எடுத்து ஒழுங்குபடுத்தியவர் அவர்தான். அந்தத் தொகுப்பு 1651-ல் பாரிஸில் புத்தகமாக வந்தது. குரு முடிக்காததை, பக்கத்தில் இருந்த ஒருவர் முடித்துக் கொடுத்தார்.

நமக்கு இதில் என்ன?

டாவின்சிக்கு ஏடிஹெச்டி இருந்ததா என்பதை இனி யாராலும் உறுதி செய்ய முடியாது. ஆனால், அவர் வாழ்க்கையில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வேலை முடிந்ததும் முடியாமல் போனதும் அவருடைய மன உறுதியை மட்டும் பொறுத்து இல்லை. தனியாக விட்டு, தூரத்தில் ஒரு கெடு வைத்தபோது திணறினார். பக்கத்தில் ஆள் இருந்து, பாதிப் பாரத்தை அவர் சுமந்தபோது வேலை நடந்தது.

இன்று ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு உளவியல் சிகிச்சையில் சொல்லித்தரும் வழிகளும் ஏறக்குறைய இதே மாதிரிதான். பெரிய வேலையைச் சின்னத் துண்டுகளாக உடைப்பது, ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தில் ஒரு கெடு வைப்பது, தலைக்குள் வைக்காமல் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைப்பது. கூட ஒருவரை உட்காரவைத்து வேலை செய்வதும் பலருக்கு உதவுகிறது. டாவின்சிக்குக் கிடைக்காத மருந்துகளும் இப்போது இருக்கின்றன. மனநல மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டுமே எடுக்க வேண்டும்.

எனக்கும் இருக்கோ?

அப்படித் தோன்றினால், ரீல்ஸ் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடிக்கடி மறதி, தள்ளிப்போடுதல் எல்லோருக்கும் உண்டு. தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு, தைராய்டு பிரச்சினைகூட இதே மாதிரி தெரியலாம்.

மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, பெரியவர்களுக்கு கவனக்குறைவு அல்லது மிகை இயக்கப் பட்டியலில் குறைந்தது 5 அறிகுறிகள், 6 மாதங்களுக்கு மேல் இருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, ஆபீஸ் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பாதிப்பு இருக்க வேண்டும். அதனால், மனநல மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பழைய ரேங்க் கார்டுகளை எடுத்துப் போங்கள். சின்ன வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று அம்மாவிடமோ அக்காவிடமோ கேட்டுக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.