கோபாலகிருஷ்ண பாரதியார்

புராணக் கதைகளுள் எவை மேடைக்கும் திரைக்கும் இசையும் என்று ஆராய்வார்க்கு இப்பெரியாரின் சரிதம் நல்லதோர் எடுத்துக்காட்டாம். 19ஆம் நூற்றாண்டினரான இவர் நாகப்பட்டினத்தையடுத்த நரிமணத்திற் பிறந்தவர். மாயவரத்தருகே ஆனந்ததாண்டவபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர். மணம் புரியாது, இசைக்கும் தில்லைக் கூத்தனுக்குமே தம்மை ஒப்புவித்தார்.

சேக்கிழார் திருநாளைப்போவார் சரிதத்தை 37 பாடல்களில் அடக்கினார். அங்கே நந்தனாரைத் தடுப்பது தம் பிறப்பை எண்ணிய தயக்கமே. எதிர்த்து நிற்பார் ஒருவரும் இலர். ஓதி உருகுதற்கு இஃது அமையும். சபையைப் பிணித்தற்கு அமையாது. ஆகவே பாரதியார் வேதியர் என்னும் பண்ணைத் தலைவரைத் தாமே படைத்தார். சிதம்பரம் செல்ல விடைகேட்கும் அடிமையும், நாற்பது வேலியையும் அறுத்து முடித்துப் போவென்னும் ஆண்டையும் எதிரெதிர் நின்றனர். தஞ்சை நாட்டுப் பண்ணையாளின் துயரமும் கதையுட் புகுந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இம்மாறுதலையும் இலக்கண வழுக்களையும் கருதிச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார்கள். பின்னர்ப் பாரதியாரின் இசையே அவர்களை இளக்கிற்று. புலவர் தடை நியாயமே. எனினும் நாம் பாரதியார் பக்கமே.

கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த 1935ஆம் ஆண்டுப் படமும், தண்டபாணி தேசிகர் நடித்த 1942ஆம் ஆண்டு ஜெமினிப் படமும் அவ்வேதியரைக் கைவிட்டில. தீப்புகும் முடிவோ அத்துணை எளிதாகத் திரைக்கு வாராது. பாட்டிற் கேட்குங்கால் உருகும் நெஞ்சம், கண்ணாற் காணுங்கால், தீயிற் புகுந்தாலன்றி இவனுக்கு வாயில் திறவாதோ என வினவத் தொடங்குகின்றது. கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்திலேயே சுவாமி சகஜானந்தர் 1916இல் ஒடுக்கப்பட்டோர் மக்களுக்கு நந்தனார் பெயரால் ஒரு பள்ளியைத் திறந்தார்.